கயிறு இழுக்காத எஞ்சின்: நெஞ்சு நோய்க்குப் பிறகு இரண்டு பருவம்

படகின் பின்புறத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தி இயக்கும் 15 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றை, முல்லைத்தீவின் சிலாவத்தைக்கும் அளம்பிலுக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் இரண்டு பருவங்களாகப் பாவித்து வருகிறேன். எங்கள் துறையில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும் படகுகளில் கயிறு இழுத்து இயக்கும் எஞ்சின்களே இன்னமும் அதிகம். ஆதலால் என் படகைக் கடந்து போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கிற காரணத்தால், நெஞ்சு நோய் வந்து கரையில் இருந்துவிட்டவர்கள் என்னைத் தேடி வந்து, இப்படியொரு எஞ்சினை வாங்கினால் தாங்களும் திரும்பத் தொழிலுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நான் கண்டவற்றை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன். உற்பத்தியாளரின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நன்மைகளும் குறைகளும் இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவானவை.

முதலில் என் உடல்நிலையைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் இந்த மதிப்பீட்டை வாசிப்பதில் பயனில்லை. 2022ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் ஓர் இரவு, நெஞ்சின் நடுவே பாரமும் இடது தாடையில் உளைவுமாக எழும்பினேன். வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீணாக்கினேன். என் மனைவி 1990 இலக்க அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தபடியால் இன்று இதை எழுதுகிறேன். மாஞ்சோலை வைத்தியசாலையில் முதல் சிகிச்சை, பிறகு யாழ்ப்பாணத்தில் அஞ்சியோகிராம், இதயத்தின் மூன்று குழாய்களில் அடைப்பு, சில மாதங்கள் கழித்துக் கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை என்று அந்த ஒழுங்கில் எல்லாம் நடந்தது. நடு நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அது பொருந்துவதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை செல்லும் என்றும், மூன்று மாதம் வரை எதையும் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்றும் சொன்னார்கள். மாற்றுக் குழாய்க்காகக் காலில் இருந்து குருதி நாளம் எடுத்த இடம் மாலையில் வீங்கும். எக்கோ பரிசோதனையில் இதயம் ஒரு துடிப்புக்கு வெளித்தள்ளும் குருதி 45 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு அது 55க்கு மேல் இருக்கவேண்டும்.

எட்டு மாதம் கழித்து, ஓடுபொறியில் நடக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி. குழப்பமில்லாமல் வந்தபோது, கடலுக்குப் போகலாமா என்று கிளினிக்கில் கேட்டேன். வைத்தியர் இளவயதுக்காரர். உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. படகில் நான் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எஞ்சினை எப்படி இயக்குவேன் என்ற இடத்துக்கு வந்ததும், “அதை ஒருக்காச் செய்து காட்டுங்கோ ஐயா” என்றார். நாற்காலியின் முதுகை எஞ்சினாக நினைத்து, ஒரு காலை அதன் அடியில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, வலக்கையை ஓங்கி இழுத்துக் காட்டினேன்.

“எத்தனை தரம் இழுப்பீங்கள்?”

“ஆறின எஞ்சின் எண்டால் ஐந்தாறு தரம். சில நாளைக்குப் பத்தும் ஆகும்.”

“ஒவ்வொரு தரமும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டோ?”

முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் இழுத்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. நடப்பதும் துடுப்பு வலிப்பதும் இதயத்தைப் படிப்படியாக வேகப்படுத்துகிற வேலைகள், அவற்றுக்கு உங்கள் இதயம் பழகிவிட்டது என்று அவர் விளக்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே வீச்சில் இழுக்கும்போதோ, குருதியமுக்கம் கணப்பொழுதில் ஏறி, மூச்சை விட்டதும் திடீரென்று இறங்குகிறது. அதுவும் விடியற்புறத்தில், உடம்பு இளகுவதற்கு முன்னரே, மாரடைப்பு இயல்பாகவே கூடுதலாக வருகிற நேரத்தில் செய்கிறீர்கள் என்றார். வலை இழுப்பதை இன்னொருவரிடம் விடவேண்டும், தனியே போகக்கூடாது, எஞ்சின் கயிற்றைத் தொடக்கூடாது ஆகிய மூன்றும் அவர் வைத்த நிபந்தனைகள். எஞ்சின் மாற்றும் எண்ணம் அந்த அறையில்தான் எனக்கு வந்தது.

என்னிடம் இருந்தது மண்ணெண்ணெயில் ஓடும் ரூ ஸ்ரோக் (ஈரடிப்பு) எஞ்சின். அதைப் பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்கு வரும்போது திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தவேண்டும். மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் மறுநாள் காலை கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலம்வரை அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள நியாயம் இருந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியதும் அந்த நியாயம் போய்விட்டது. புதிய எஞ்சின் போர் ஸ்ரோக் (நான்கடிப்பு) வகை. பெற்றோலில் மட்டுமே ஓடுகிறது; எண்ணெய் கலக்கத் தேவையில்லை. அதே தூரத்துக்கு என் பழைய எஞ்சின் குடித்ததைவிடக் குறைவாகவே குடிக்கிறது. எரிபொருளுக்குச் செலவழிக்கும் காசு கூடவில்லை என்பதை என் கணக்குக் கொப்பியைப் பார்த்தே சொல்கிறேன்.

இனி எஞ்சினின் நல்ல பக்கம். கியரை நடுநிலையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு விநாடியில் பிடித்துக்கொள்கிறது. கியர் போட்ட நிலையில் எவ்வளவு அழுத்தினாலும் இயங்காது. பதற்றத்தில் பிழை விடுகிறவனுக்கு அது நல்ல காவல். புகை மிகக் குறைவு. பின்காற்றில் ஓடும்போது பழைய எஞ்சினின் புகை முழுவதும் என் முகத்தில் அடிக்கும். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு குருதி சுமக்கும் ஒட்சிசனைக் குறைத்துவிடும் என்பதால், நெஞ்சு நோயாளிக்கு இது சிறிய விடயம் அல்ல. சத்தமும் அதிர்வும் குறைவு. படகின் முன் அணியத்தில் நிற்கும் மருமகனோடு கத்தாமல் கதைக்க முடிகிறது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிற எனக்கு நாடியைப் பார்த்துக் களைப்பை அளக்க முடியாது, நாடி அவ்வளவாக ஏறாது. பேசிக்கொண்டு செய்ய முடியாத வேலையைச் செய்யாதீர்கள் என்பதே எனக்குச் சொல்லப்பட்ட அளவுகோல். ஆகையால் கதைப்பது கேட்கிற எஞ்சின் எனக்கு ஒரு மருத்துவக் கருவிபோல உதவுகிறது.

இத்தனை நன்மைக்கும் எதிரே நிற்பது பாரம். பழைய எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ. இது 50ஐத் தாண்டுகிறது, பற்றரி அதற்கு மேல். எங்கள் கரையில் துறைமுக அணை இல்லை, மணலில் இருந்து அலையை வெட்டித்தான் படகு இறங்கவேண்டும். முன்பு எஞ்சினைத் தோளில் வைத்து ஒருவனாகக் கரைக் குடிலான வாடிக்குக் கொண்டுபோன நான், இப்போது இரண்டு இளைஞர்கள் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். படகு தள்ளும்போதும் கைவைப்பதில்லை. முதல் கிழமைகளில் அது மனத்துக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் “ஏலோ” போட்டுத் தள்ளும்போது முழங்காலளவு தண்ணீரில் சும்மா நிற்பது, அந்தக் கரையில் வளர்ந்தவனுக்கு இலேசான காரியம் அல்ல.

நான் எதிர்பாராத பெரிய குறை கரையேறும்போதுதான் தெரிந்தது. அலைவாயைக் கடந்து மணலை நெருங்கும் கணத்தில், தண்ணீரைத் தள்ளும் காற்றாடி தரையில் அடிபடாமல் எஞ்சினைச் சட்டென்று மேலே சாய்க்கவேண்டும். பத்துக் கிலோவுக்கு மேல் கூடிய எஞ்சினைக் குனிந்த நிலையில், அலை பின்னால் தள்ளிக்கொண்டிருக்கையில், ஒரே மூச்சில் தூக்குவதென்றால் அது கயிறு இழுப்பதைவிடக் கடுமையான வேலை. காலையில் தவிர்த்த பாரத்தை மத்தியானத்தில் இரட்டிப்பாகச் சுமக்கும்படி ஆகிவிட்டது. முதல் நாளே நெஞ்செலும்புக் கம்பி கட்டிய இடத்தில் சுரீர் என்றது. அன்று முதல் கரையேறும்போது மருமகன் பின்னணியத்துக்கு வந்துவிடுகிறான். நான் நடுவே போய் இருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் தானே சாயும் வகைகள் உண்டு. பெரிய எஞ்சின்களில் அது வழக்கமாகவே வரும். இந்தக் குதிரைவலுவிலும் சிலவற்றில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. நெஞ்சு நோய்க்காக எஞ்சின் வாங்குகிறவர் கடையில் முதலில் கேட்கவேண்டியது, அது எப்படி இயங்குகிறது என்பதை அல்ல, எப்படிச் சாய்கிறது என்பதை. எனக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அடுத்தது பற்றரி. சென்ற ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, எட்டுப் பாகம் (ஏறத்தாழ 15 மீற்றர்) ஆழத்தில் நண்டு வலையை எடுத்து முடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பப் பொத்தானை அழுத்தினேன். “டிக்” என்ற ஒரு சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அதே “டிக்”. சோழகம் என்ற தென்மேல் காற்று எழும்பத் தொடங்கிய நேரம். எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது, சோழகம் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது. எஞ்சின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது, வெளியே போகும். பனைகள் சிறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி, என் கை என்னைக் கேளாமலே அவசரக் கயிற்றைத் தேடி எடுத்துவிட்டது. “மாமா, நீங்கள் இருங்கோ. நான் இழுக்கிறன்” என்று மருமகன் அதைப் பறித்துக்கொண்டான்.

இந்த எஞ்சினில் அவசரமாகக் கயிற்றால் இயக்குவதென்றால் மேல் மூடியைக் கழற்றி, உச்சியில் சுழலும் பறப்புச் சில்லின் வெட்டில் முடிச்சை மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கவேண்டும். மூன்றாம் இழுப்பில் பிடித்தது. மூடியில்லாமல் சில்லு வெறுமையாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது சாரத்தையும் கையையும் தூர வைத்திருக்கவேண்டும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினின் திறந்த மூடிக்கு மேலே குனியவே கூடாது. படகு எஞ்சினைப் பற்றித் தங்கள் வைத்தியரிடம் தனியாகக் கேட்கவும் வேண்டும்.

கரைக்கு வந்து பார்த்தபோது பற்றரியின் முனைகளில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தது. எஞ்சினோடு கடை தந்தது கார் பற்றரி. அதற்குப் பெட்டி இல்லை, கட்டும் பட்டி இல்லை. பராமரிப்பே தேவைப்படாது என்று சொல்லித்தான் தந்தார்கள். நெஞ்சு நோய் வந்தவன், அதற்காகத்தான் இந்த எஞ்சினை வாங்குகிறேன் என்று அவர்களிடம் நான் வாய்திறந்து சொல்லியிருந்தேன். ஆகவே அந்தக் கவலையீனத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முறையிட்டபோது, பற்றரிக்கு உத்தரவாதம் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. தவறு என் பக்கமும் இருந்தது. வலை ஊறும் இரவு நேரத்தில் விளக்கையும் கைபேசியையும் அதே பற்றரியில் மாட்டியிருந்தேன். எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் பற்றரி ஏறுகிறது, அதுவும் ஓரளவு வேகத்தில் ஓடினால்தான். அரை மணித்தியாலம் ஓடி, இரவு முழுக்க விளக்கு எரித்தால் அது இறங்காமல் என்ன செய்யும்?

இப்போது படகுக்கென்று செய்த பற்றரி ஒன்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். முனைகளில் வசலின் பூசியிருக்கிறது. விளக்குக்கும் கைபேசிக்கும் வேறாக ஒரு சிறு பற்றரி. ஒவ்வொரு ஞாயிறும் அளவுமானி வைத்துப் பார்க்கிறேன்: 12.6 வோல்ற்றுக்கு மேல் நின்றால் முழுதாக ஏறியிருக்கிறது, 12.4க்குக் கீழே வந்தால் ஏற்றாமல் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் “டிக்” சத்தம் கேட்கவில்லை. போர் ஸ்ரோக் எஞ்சின் என்பதால் முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றவேண்டும்; ஓடிய நேரத்தைக் கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

இந்த எஞ்சினோடு நான் செய்யும் தொழில் பழைய தொழில் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வாடைக் காலத்தில் இறங்குவதேயில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்த கிழமையில்தான் முதல் தரம் இறங்கினேன். பொங்கலுக்கு முந்திய கிழமை, விளக்கெரிக்கத் தீர்த்தக்கரையில் கடல்நீர் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துக் கும்பிட்டிருந்தேன்; பொங்கல் முடிந்து மூன்று நாள் கழித்து அதே நீரில் படகை விட்டேன். கைபேசிச் சமிக்ஞை அறுகிற இடத்துக்கு அப்பால் போவதில்லை. நான் எஞ்சின் பிடிப்பேன், தூண்டில் போடுவேன், நண்டு கழற்றுவேன். வலை இழுப்பது மருமகன். பங்கிலும் அவனுக்குக் கூட. அஸ்பிரினோடு குருதி கட்டியாகாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் எடுத்த காலத்தில், விளைமீனின் முள் குத்திய சிறிய காயமே அரை மணித்தியாலம் நிற்காமல் கசிந்தது. அதனால் கையுறையும் சுத்தமான சீலைத் துண்டும் படகில் இருக்கின்றன. நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜி.ரி.என். மாத்திரை வெயிலிலும் காற்றிலும் வீரியம் இழந்துவிடும் என்பதால், அதை அதன் கண்ணாடிப் போத்தலிலேயே, தண்ணீர் புகாத டப்பாவுக்குள், நிழலில் வைத்திருக்கிறேன். போத்தலைத் திறந்த நாளை மூடியில் எழுதி, எட்டுக் கிழமையில் புதிதாக வாங்குகிறேன். அதைப் போட்டால் தலை சுற்றும், இருந்துகொண்டுதான் போடவேண்டும். படகில் நின்றுகொண்டு போட்டால் தண்ணீருக்குள்தான் விழ நேரிடும்.

ஒரேயொரு தடவை அந்த மாத்திரை தேவைப்பட்டது. சென்ற ஆவணியில், பகல் பதினொரு மணியளவில், நெஞ்சில் அதே பழைய பாரம். இருந்தேன்; மாத்திரையை வைத்தேன்; மருமகன் பாதி இழுத்த வலையை மிதவையோடு விட்டுவிட்டான். இழுப்பு இல்லை, கயிறு இல்லை, பொத்தானை அழுத்தியதும் படகு கரைக்குத் திரும்பியது. ஐந்து நிமிடத்துக்குள் பாரம் குறைந்துவிட்டபோதிலும், கரையில் 1990 வண்டி காத்துக்கொண்டிருந்தது. பரிசோதித்து மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இந்த எஞ்சினின் விலை, அதே வலுவுள்ள கயிற்று எஞ்சினைவிட எனக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக வந்தது. பழைய எஞ்சினை விற்ற காசும் மகள் தந்ததும் போதாமல் கடனும் எடுத்தேன். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கடனைப் பற்றி நான் வருந்தியதில்லை. ஆனால் வைத்தியர் போகவேண்டாம் என்று சொன்னவருக்கு எந்த எஞ்சினும் அனுமதிச் சீட்டு ஆகாது. துணைக்கு ஆள் இல்லாதவரும் இதை வாங்கவேண்டாம்.

எஞ்சினில் எனக்கு மிகவும் பெறுமதியாகப் படுவது பொத்தான்கூட அல்ல, அதற்குப் பக்கத்தில் தொங்கும் சிவப்புச் சுருள் நாடா. அதன் ஒரு முனை என் மணிக்கட்டில், மறுமுனையில் உள்ள கிளிப் எஞ்சினில். நான் மயங்கி விழுந்தாலும் கடலுக்குள் போனாலும் கிளிப் கழன்று எஞ்சின் நின்றுவிடும். கயிற்று எஞ்சின்களிலும் இது உண்டு. தொல்லை என்று எண்ணி எங்கள் ஆட்கள் கிளிப்பை எஞ்சினிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு நாடாவை வெட்டி எறிகிறார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அலைவாயில் ஒருமுறை நான் சறுக்கியதும் அது கழன்று எஞ்சின் நின்றபோது எரிச்சல் வந்தது உண்மை. மிதவை அங்கியும் அதுவும் இல்லாமல் இப்போது பொத்தானில் கைவைப்பதில்லை.

ஆனால் கடை தந்தது ஒரேயொரு கிளிப். நான் நாடாவோடு கடலுக்குள் விழுந்தால் கிளிப்பும் என்னோடு வந்துவிடும். கிளிப் இல்லாமல் எஞ்சின் இயங்காது. படகில் நிற்கும் மருமகன் சோழகத்தோடு என்னை விட்டு விலகிப் போவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கிளிப்புக்குச் சொல்லிவைத்து ஐந்து கிழமை காத்திருந்து எடுத்தேன். அது இப்போது பற்றரிப் பெட்டியின் கைபிடியில் மஞ்சள் நூலால் கட்டியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை, கரைக்கு அண்மையில், நான் நாடாவைக் கழற்றி ஒரு வெற்று எண்ணெய்க் கானைக் கடலில் எறிவேன். மருமகன் நூலை அறுத்து, கிளிப்பை மாட்டி, பொத்தானை அழுத்தி, சுற்றிவந்து அந்தக் கானை எடுக்கவேண்டும். முதல் தரம் நான்கு நிமிடம் எடுத்தான். போன மாதம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.